கொடுக்கத் தெரிந்த குருதி



இலக்கியத் தொடரில் இரத்தத்தைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். எங்கள் மொழியில் இரத்தம் படாத இடம் குறைவு. உறவென்றால் இரத்த உறவு. கோபம் வந்தால் இரத்தம் கொதிக்கிறது. துயரம் மிகுந்தால் இரத்தக் கண்ணீர். உழைப்பென்றால் இரத்தத்தை வியர்வையாகச் சிந்துவது. கதையிலும் கவிதையிலும் மேடையிலும் இவ்வளவு ஓடுகின்ற இந்தத் திரவம், உடம்புக்குள் ஓடி என்ன வேலை பார்க்கிறது என்பதைத்தான் நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

இங்கே நல்லூரில் எங்கள் அயலில் உள்ள ஒரு கர்ப்பிணிப் பெண் கிளினிக்குக்குப் போய்வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இரத்தம் காணாது எண்டு சொல்லினம். விரலிலை குத்தினால் இரத்தம் வருகுதுதானே மாஸ்ரர். பிறகென்ன காணாது?"

கேட்கச் சிறிய கேள்வி. அதற்குச் சரியான விடை சொல்ல வேண்டுமானால், இரத்தம் ஒட்சிசனை எப்படிச் சுமக்கிறது, சுமந்ததை எப்படி இறக்கி வைக்கிறது என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். சுமப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இறக்கி வைப்பதைப் பெரும்பாலும் மறந்திருப்போம். ஆனால் உயிர் தங்கியிருப்பது அந்த இரண்டாவது வேலையிலேதான்.

இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தமிழிலேயே விடை சொல்ல முனைந்த முன்னோடி ஒருவர் எங்களுக்குக் கிட்டவே இருந்தார். நல்லூரிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள மானிப்பாயில் மருத்துவம் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களைத்தான் சொல்கிறேன். நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848இல். கிறீன் மானிப்பாயில் தமது வைத்தியசாலைப் பணியைத் தொடங்கியதும் அதே 1848இல். சமயத்தால் இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்றவர்கள். ஆயினும் தமிழ் உரைநடை புதிய பொருள்களைச் சொல்லப் பழகிய காலத்தில், இருவரும் சில மைல் இடைவெளியில் இருந்து அதற்கு உழைத்தார்கள்.

கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தம் யாழ்ப்பாணத்து மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். உடலின் அமைப்பைச் சொல்லும் இயலுக்கு அங்காதிபாதம் என்றும், உடல் தொழிற்படும் விதத்தைச் சொல்லும் இயலுக்குச் சுகரணவாதம் என்றும் அந்த நூல்கள் பெயர் சொல்லின. இந்த வகையில் அவருடைய முதல் நூல் 1857இல் வெளிவந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் இந்த வேலையை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்றே தமது கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே பொறித்தார்கள். எங்கள் கவிஞர் அம்பி, கிறீனின் பணியை நூலாக எழுதி இந்தத் தலைமுறைக்கு அறிமுகம் செய்தவர்.

கிறீனின் நூல்கள் வெளிவந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். இரத்தத்தின் இரகசியம் ஐரோப்பாவில் அப்போதுதான் அவிழ்ந்துகொண்டிருந்தது. ஒட்சிசன் இரத்தத்தில் வெறுமனே கரைந்திருக்கவில்லை, ஏதோ ஒன்றோடு தளர்வாகப் பிணைந்திருக்கிறது என்று ஜெர்மனியில் லோதர் மேயர் 1857இல் காட்டினார். அந்த ஏதோ ஒன்றுக்கு 1864இல் ஹொப்பே-சைலர் 'ஈமோகுளோபின்' என்று பெயரிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ், அதிலிருந்து ஒட்சிசனை எடுத்துவிட்டால் நிறம் மாறுவதையும், காற்றுப் பட்டதும் பழைய சிவப்பு மீள்வதையும் கண்டார். இதை ஒட்சிசன் என்கிறோம் நாங்கள். தமிழ்நாட்டார் ஆக்சிஜன் என்பார்கள், பழைய புத்தகங்கள் பிராணவாயு என்னும். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இனி அந்த வேலையைக் கணக்கோடு பார்ப்போம்.

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது உடலுக்கு நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் தேவை. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஒட்சிசன் மிகவும் குறைவாகவே கரையும். ஒரு லீற்றருக்கு 3 மில்லிலீற்றர் மட்டுமே. அதை மட்டும் நம்பியிருந்தால், நாங்கள் சாய்மனைக் கதிரையில் படுத்திருப்பதற்கே இதயம் நிமிடத்துக்கு 80 லீற்றருக்கு மேல் இறைக்க வேண்டியிருக்கும். அது உண்மையில் இறைப்பது 5 லீற்றர். மிச்சத்தை ஈடுசெய்வது ஈமோகுளோபின். அது இருப்பதால் ஒரு லீற்றர் இரத்தம் 200 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கிறது.

இந்த ஈமோகுளோபின் செங்குழியங்கள் என்ற சின்னஞ்சிறு பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. உடல் முழுவதிலும் ஏறத்தாழ 25 இலட்சம் கோடி செங்குழியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 27 கோடி அளவில் ஈமோகுளோபின் மூலக்கூறுகள். செங்குழியம் வளர்ந்து இரத்தத்துக்குள் வரும்போது தன் கருவையும், ஒட்சிசனைக் கொண்டு சத்தி உண்டாக்கும் உறுப்புகளையும் இழந்துவிட்டே வருகிறது. ஆகவே தான் சுமக்கும் ஒட்சிசனில் ஒரு துளியையும் அது தன் செலவுக்கு எடுப்பதில்லை. தனக்கு வேண்டிய சத்தியை ஒட்சிசன் இல்லாமலே குளுக்கோசிலிருந்து பெற்றுக்கொள்கிறது. ஏறத்தாழ 120 நாள் இப்படிச் சுமந்துவிட்டு அழிகிறது.

ஒவ்வொரு ஈமோகுளோபின் மூலக்கூறிலும் நான்கு இரும்பணுக்கள் உண்டு. ஒன்றுக்கு ஒன்றாக நான்கு ஒட்சிசன் மூலக்கூறுகள் அவற்றில் அமரலாம். ஆணி துருப்பிடிப்பதும் இரும்பு ஒட்சிசனை எடுத்துக்கொள்வதுதான். ஆனால் துருப்பிடித்த ஆணி எடுத்ததைத் திருப்பித் தராது. ஈமோகுளோபினில் இரும்பைச் சுற்றிப் புரதம் ஒரு மடிப்பு அமைத்துக் காக்கிறது. அதனால் இரும்பு துருப்பிடிக்காமல் ஒட்சிசனைத் தொட்டுப் பிடிக்கவும் பிறகு விடவும் முடிகிறது.

இந்தப் பிடித்தலும் விடுதலும் எப்படி நடக்கின்றன என்பதற்கு ஒரு கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டாயிற்று. முதலில் இருக்க எல்லோருக்கும் தயக்கம். ஒருவர் இருந்துவிட்டால் அடுத்தவர் சுலபமாக இருப்பார். பிறகு பந்தி நிரம்பிவிடும். எழும்புவதும் அப்படித்தான். முதல் ஆள் எழும்பும்வரை தயக்கம். ஒருவர் எழும்பினால் மற்றவர்களும் இலையை மடித்துவிடுவார்கள். ஈமோகுளோபினில் முதல் ஒட்சிசன் அமர்வதுதான் கடினம். அது அமர்ந்ததும் மூலக்கூறின் வடிவமே சற்று மாறி, மற்ற இடங்கள் ஒட்சிசனை விரும்பி ஏற்கின்றன. ஒன்று விலகினால் மற்றவையும் விலக எளிதாகிறது. இந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறிய மக்ஸ் பெரூட்ஸ் கேம்பிரிட்ஜில் 1937இல் தொடங்கி 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1962இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பந்தி ஒழுங்கினால் கிடைக்கும் பயனை எண்களிலே காணலாம். நுரையீரலில் ஒட்சிசனின் அமுக்கம் ஏறத்தாழ 100 அலகு. அங்கே ஈமோகுளோபின் 97 வீதம் நிரம்புகிறது. அமுக்கம் 60 அலகுக்கு இறங்கினாலும் 90 வீதம் நிரம்பியே இருக்கும். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்குப் போனாலும் எங்களுக்கு மூச்சு முட்டாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஓய்வாக உள்ள இழையங்களில் அமுக்கம் 40 அலகு. அங்கே 75 வீதமாகிறது. அதாவது சுமந்து வந்ததில் நாலிலொரு பங்கைத்தான் கொடுக்கிறது. வேலை செய்யும் தசையில் அமுக்கம் 20 அலகுக்கு இறங்கினால், நிரம்பியிருப்பது மூன்றிலொரு பங்களவுக்கு வந்துவிடும். மேலே 40 அலகு இறங்கியபோது விட்டது 7 வீதம். கீழே 20 அலகு இறங்கியபோது விட்டது 40 வீதம். தேவை கூடிய இடத்தில் கை தாராளமாகத் திறக்கிறது.

தேவை எங்கே கூடியிருக்கிறது என்பதை அறிய ஈமோகுளோபினுக்கு வேறு அடையாளங்களும் உண்டு. நல்லூர்த் திருவிழாவில் தேரன்று வீதியை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்போர், காவடி ஆடுவோர், மணலிலே பிரதட்டை செய்வோர் என்று எல்லோருடைய தசைகளும் கடுமையாக உழைக்கின்றன. உழைக்கும் தசை சூடாகிறது. காபனீரொட்சைட்டை நிறைய வெளிவிடுகிறது. அமிலத்தன்மையும் கூடுகிறது. இந்த மூன்றும் ஈமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகின்றன. காபனீரொட்சைட்டு இப்படிப் பிடியைத் தளர்த்துவதை 1904இல் கொப்பன்ஹேகனில் கிறிஸ்ரியன் போர் என்ற உடலியலாளர் தம் துணைவர்களோடு கண்டறிந்தார். அணுவின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற நீல்ஸ் போரின் தந்தையார் அவர். வீதியோரத் தண்ணீர்ப்பந்தலில் மோரும் சக்கரைத் தண்ணியும் கொடுப்பவர்கள் முகம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். வெயிலில் வாடி வருபவருக்கு அவர் கேட்குமுன்னரே கோப்பையை நீட்டுகிறார்கள். அந்தத் தசைக்குள் இரத்தம் செய்வதும் அதையே. பிறகு நுரையீரலுக்குத் திரும்பியதும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, அமிலம் குறைகிறது, பிடி மீண்டும் இறுகுகிறது, ஒட்சிசன் ஏறுகிறது.

கருவிலே உள்ள பிள்ளையின் நிலை இன்னும் நுட்பமானது. அதற்கு வெளிக்காற்று இல்லை. தாயின் இரத்தம் விடுவதைத்தான் அது பெற வேண்டும். இருவரின் ஈமோகுளோபினும் ஒரே பலத்தோடு பிடித்தால் அது நடப்பது கடினம். ஆகவே கருவுக்கென்று வேறு வகை ஈமோகுளோபின் இருக்கிறது. அது ஒட்சிசனைத் தாயினதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். நச்சுக்கொடியில் தாயின் குருதி விட, பிள்ளையின் குருதி வாங்குகிறது. பிறந்து சில மாதங்களில் அந்த ஈமோகுளோபின் குறைந்து, பெரியவர்களின் வகை அதன் இடத்துக்கு வருகிறது.

இனி, பிடித்ததை விட மறுத்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்போம். இது எங்கள் வீடுகளுக்கு நேரே சம்பந்தப்பட்ட விடயம். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததும், வீடுகளிலும் கடைகளிலும் ஜெனரேற்றர் ஓடியதும் நினைவிருக்கும். ஜெனரேற்றர் புகையிலும், பூட்டிய அறைக்குள் வைக்கும் தணற்சட்டியிலும் காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசன் அமர வேண்டிய இரும்பில் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வரும் கேடு இரண்டு. நான்கில் சில இடங்களை அது பிடித்துக்கொள்கிறது, சுமை குறைகிறது. அதைவிடக் கொடுமை, மிச்ச இடங்களில் உள்ள ஒட்சிசனையும் ஈமோகுளோபின் இழையத்துக்கு விடாமல் இறுக்கிக்கொள்கிறது. பத்தாயத்தில் நெல் இருக்க வீட்டில் பட்டினி கிடப்பது போன்றது இது. இரத்தம் நல்ல சிவப்பாகவே இருக்கும், மூளையும் இதயமும் ஒட்சிசனுக்குத் தவிக்கும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி என்று தொடங்கி, நித்திரையிலேயே உயிர் போகவும் கூடும். ஆகவே ஜெனரேற்றரை வீட்டுக்கு வெளியே, யன்னல் கதவுகளுக்குத் தூரத்தில் மட்டும் இயக்குங்கள். அறையைப் பூட்டிக்கொண்டு தணல் வைக்காதீர்கள். ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடி வந்தால், உடனே எல்லோரும் வெளியே காற்றுக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அது 98 என்று காட்டினால் நிம்மதியாகிறோம். அந்த எண், இருக்கிற ஈமோகுளோபினில் எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு ஈமோகுளோபின் இருக்கிறது என்று சொல்லாது. காபனோரொட்சைட்டு ஒட்டிய ஈமோகுளோபினை ஒட்சிசன் நிரம்பியது என்றே அந்தக் கருவி எண்ணிக்கொள்ளும். எண் நன்றாயிருந்தும் ஆள் களைத்து வாடினால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் கேள்விக்கு விடை சொல்லலாம். "இரத்தம் காணாது" என்று கிளினிக்கில் சொல்வது திரவத்தின் அளவை அல்ல. அதிலுள்ள ஈமோகுளோபினின் அளவையே. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் தாய்க்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் அதை இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விரலில் வரும் துளி சிவப்பாகத்தான் இருக்கும். ஒக்சிமீற்றர் 98 காட்டும். ஏனெனில் இருக்கிற பைகள் எல்லாம் நிரம்பித்தான் இருக்கின்றன. பைகளிலே உள்ள இடம்தான் போதவில்லை. குறையை ஈடுசெய்ய இதயம் விரைந்து அடிக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பிரசவத்தில் இரத்தம் போனால், தாங்குவதற்குக் கையிருப்பு இல்லாமற் போகிறது. ஆபத்து அங்கேதான்.

உடம்பு இன்னொரு வழியிலும் ஈடுகொடுக்கப் பார்க்கும். இரத்தச்சோகை வந்தால், செங்குழியத்துக்குள் இருக்கும் ஒரு பொஸ்பேற்றுச் சேர்வை கூடி, ஈமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகிறது. கையில் குறைவாக இருப்பவர் கூடிய பங்கைக் கொடுக்கிறார். இதன் பெறுமதியை இலங்கை நோயாளரே உலகுக்குக் காட்டியிருக்கிறார்கள். குருநாகலையில் உள்ள தேசிய தலசீமியா நிலையத்தில், ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டேவிட் வெதரால் அவர்களும் இலங்கை மருத்துவர்களும் நெடுங்காலம் சேர்ந்து ஆராய்ந்தார்கள். தலசீமியா என்பது பரம்பரையாக ஈமோகுளோபின் சரிவர உண்டாகாத நோய். அதில் 'ஈமோகுளோபின் ஈ' என்ற வகை கலந்த நோயாளர் சிலர், குறைந்த ஈமோகுளோபினோடும் ஓரளவு நன்றாக நடமாடினார்கள். வேறு வகைத் தலசீமியாவில் கருக்கால ஈமோகுளோபின் கூடியிருந்து, ஒட்சிசனை இறுக்கிப் பிடிக்கிறது. இவர்களில் அது குறைவு. ஆகவே இவர்களது இரத்தம் ஒட்சிசனை எளிதாக விடுகிறது. இது அவர்கள் தாங்கிக்கொள்வதற்கு ஒரு காரணமென்று கண்டார்கள். ஆகவே இரத்தம் ஏற்றுவதா இல்லையா என்பதை எண்ணை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல், பிள்ளையின் வளர்ச்சியையும் தெம்பையும் பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்துக்குக் கிடைத்த பாடம்.

ஆனால் உடம்பு ஈடுகொடுக்கும் என்று இருந்துவிடக் கூடாது. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தவறாமல் போட வேண்டும். சாப்பாட்டோடும் குளிசையோடும் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்த வேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிவைத்து, உடம்பில் சேரவிடாது. எங்கள் வளவுகளில் நிற்கும் முருங்கையின் இலையை வறுக்கும்போது தேசிக்காய்ப் புளி விட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புளி இரும்பு சேர உதவும். நல்ல மீனும் இறைச்சியும் தின்பவர்களுக்கு அவற்றிலுள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். இவ்வளவும் செய்தும் களைப்பு நீங்காவிட்டால், காரணம் வேறாக இருக்கலாம். தலசீமியா காவுகிறவர்களுக்கும் இரத்தம் குறைவாகவே காட்டும். அவர்களுக்கு இரும்புக் குளிசை மட்டும் விடையாகாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. தலசீமியாப் பிள்ளைகளுக்கும், பிரசவத்தில் இரத்தம் இழக்கும் தாய்மாருக்கும் எந்த ஆலையிலும் செய்த மாற்றுக் குருதி கிடையாது. மனிதர்தான் கொடுக்க வேண்டும். இலங்கையின் இரத்த வங்கி, காசு வாங்காமல் தாமாக முன்வந்து கொடுப்பவர்களின் குருதியில்தான் இயங்குகிறது. 18 வயது நிறைந்து, ஈமோகுளோபின் போதியளவு இருந்து, உடல்நலத்தோடு இருப்பவர் நாலு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். குளிர்ப்பெட்டியில் நெடுநாள் இருந்த குருதியில் நான் முன்னர் சொன்ன பொஸ்பேற்றுச் சேர்வை குறைந்துபோகிறது. அதனால் ஏற்றியவுடன் அது ஒட்சிசனைச் சற்று இறுக்கமாகவே பிடித்திருக்கும். ஏற்றிய ஓரிரு நாளில் அந்தச் சேர்வை மீண்டும் உண்டாகி, அது பழையபடி கொடுக்கத் தொடங்கிவிடும். நாங்கள் கொடுக்காமல் வைத்திருந்தாலும் எங்கள் செங்குழியங்கள் 120 நாளில் அழிந்து போகப்போகின்றவைதான். அடுத்த முறை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ இரத்ததான முகாம் என்று அறிவித்தல் கண்டால், ஒரு காலை நேரத்தை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.